டிபன் கடைக்கு எந்தத் தோசைக்கல்?

தோசைக்கல் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் காலை பதினொரு மணிக்குப் போகிறார்கள். துடைத்து வைத்த கல்லை விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். பர்னரைப் பற்றவைத்துக் காட்டச் சொல்கிறார்கள். விற்பவரும் ஒரு தோசை வார்த்துக் காட்டுவார், அது அழகாக எழும்பும். அந்த ஒரு தோசையை நம்பி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை கொடுத்திருக்கிறேன். கல்லின் குணம் தெரிவது ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு, பத்து மேசையும் நிறைந்து, வாசலில் பார்சலுக்கு ஆள் நிற்கும்போது, நாற்பதாவது தோசையை வார்க்கையில்தான்.

என் அக்கா மகன் பாளையங்கோட்டையில் 32 பேர் உட்காரும் டிபன் கடை ஒன்றைத் தொடங்கினான். காலையிலும் மாலையிலும் தோசை, இரவில் பரோட்டாவும் உண்டு. என்னிடம் வந்தபோது கையில் நான்கு விலைப்பட்டியல்கள் இருந்தன. உள்ளூர்ப் பட்டறையில் செய்யும் 16 எம்.எம். கனமுள்ள இரும்புக் கல், அதில் பாதி விலைக்குக் கிடைக்கும் 6 எம்.எம். ரெடிமேட் அடுப்பு, குரோம் பூச்சு ஏற்றி, சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வைத்த கல், 5 கிலோவாட் மின்சாரக் கல். போதாக்குறைக்கு, "வார்ப்பிரும்பில் வார்த்தால்தான் தோசை" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் பார்த்ததும் கணக்குப் போட்டதும்தான் இங்கே இருக்கிறது.

முதலில் தோசை கல்லிடம் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். சப்பாத்திக்கோ ஆம்லெட்டுக்கோ கல் ஒரே சூட்டில் நின்றால் போதும். தோசைக்குச் சூடு ஏறி இறங்க வேண்டும். மாஸ்டர் ஒரு கை தண்ணீரைத் தெளிக்கிறார். கல் நன்றாகக் காய்ந்திருந்தால் துளிகள் உடனே ஆவியாகாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். ஈர்க்கு வாரியலால் ஒரு வீச்சு வீசித் துடைத்ததும் மேற்பரப்பின் சூடு இறங்குகிறது. அந்த இறக்கத்தில்தான் மாவு பரவும். கல் கொதித்துக்கொண்டிருந்தால் மாவு கரண்டியின் அடியிலேயே சுருண்டு வந்துவிடும். மாவு பரவிய பிறகு சூடு மீண்டும் மேலே ஏறி வர வேண்டும். ஏறினால் முறுகலும் நிறமும் கிடைக்கும். ஏறாவிட்டால் தோசை வெளுத்து, தோல்போல் இழுபடும், கல்லையும் பிடித்துக்கொள்ளும். இரண்டரை நிமிடத்துக்குள் ஓர் இறக்கமும் ஓர் ஏற்றமும். இதை மணிக்கு இருபது தடவை அலுக்காமல் செய்யும் கல்தான் நல்ல கல்.

இதை எண்ணில் சொல்லலாம். நான்கடிக்கு இரண்டடிக் கல்லில் ஒரு சுற்றுக்கு வசதியாக ஆறு தோசை வார்க்கலாம். ஒவ்வொன்றிலும் சுமார் 90 கிராம் மாவு, அதிலிருந்து ஏறக்குறைய 40 கிராம் தண்ணீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். தெளிக்கும் தண்ணீர் 100 மில்லி. இவ்வளவையும் ஆவியாக்கி, மாவையும் வேகவைக்க ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 900 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அடியில் தீயே இல்லை, கல் தன் இருப்பிலிருந்தே இதைக் கொடுக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 16 எம்.எம். கல்லின் எடை 93 கிலோ, அதன் சூடு 20 டிகிரி இறங்கும். 6 எம்.எம். கல்லின் எடை 35 கிலோதான், அதன் சூடு 50 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். இருபதை ஈடுகட்டுவது தீக்கு எளிது. ஐம்பது இறங்கினால் மாஸ்டர் காத்திருக்க வேண்டும், அவரோடு சாப்பிட வந்தவரும் காத்திருக்க வேண்டும்.

அதனால் 6 எம்.எம். ரெடிமேட் அடுப்பை முதலிலேயே ஒதுக்கினோம். அது மோசமான பொருள் என்று சொல்லவில்லை. மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் நடக்கும் தள்ளுவண்டிக்கும், நாளுக்கு முப்பது தோசை போகும் டீக்கடைக்கும் அதுதான் சரி. பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். 93 கிலோ கல்லை 30 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குக் கொண்டுவர அரை மணி நேரமும் கிட்டத்தட்ட அரைக் கிலோ கேஸும் செலவாகும். குறைந்த வியாபாரத்துக்கு அந்தச் செலவு வீண். ஆனால் மெல்லிய கல்லுக்கு இன்னொரு நோய் உண்டு. நடுவில் தீ படப்பட ஒரு வருடத்தில் நடுப்பகுதி மேலெழும்பி விடுகிறது. பிறகு எண்ணெய் ஓரத்துக்கு ஓடும், மாவு ஓரத்தில் தடிக்கும், நடுவில் தோசை கருகும். ஒரு நேர்கோலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் அடியில் வெளிச்சம் தெரியும்.

எல்லையில்லாமல் கனமாக்கிக்கொண்டே போவதிலும் பயனில்லை. 25 எம்.எம். கல் 146 கிலோ வரும். காய்வதற்கே முக்கால் மணி நேரம் ஆகிவிடும், தீயைக் குறைத்தாலும் வெகுநேரம் சூடு இறங்காது. நெய் ரோஸ்ட்டிலிருந்து ஊத்தப்பத்துக்கு மாறும்போது அது பெரும் தொல்லை. மணிக்கு நூறு தோசைக்கு மேல் போகும் கடைகள் 20 எம்.எம். வரை போகலாம். மற்றவர்களுக்கு 12 முதல் 16 எம்.எம். போதும் என்பது என் கருத்து.

வார்ப்பிரும்பைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. வீட்டு அளவில் அதற்கு இணை கிடையாது. வார்ப்பின் நுண்ணிய சொரசொரப்பில் எண்ணெய் பிடித்துக் கெட்டியாகி, நாளாக ஆகக் கண்ணாடிபோல் ஆகிவிடும். கல்தோசையும் அடையும் அதில் வருகிற மாதிரி வேறெதிலும் வருவதில்லை. ஆனால் வார்ப்பிரும்பு நொறுங்கும் குணம் உடையது. காய்ந்த கல்லில் ஒரே இடத்தில் தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடலாம். கடைத் தோசைக்கல்லில் நாள் முழுவதும் செய்கிற வேலையே தண்ணீர் தெளிப்பதுதான். விரிசல் விட்டால் வெல்டிங் வைத்துச் சரிசெய்வதும் எளிதல்ல. பரப்பு பெரிதாகப் பெரிதாக இந்த ஆபத்தும் கூடுகிறது. அதனால் ஊத்தப்பத்துக்கும் அடைக்கும் தனியாக ஒரு வட்ட வார்ப்புக் கல்லை ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பெரிய கல் இரும்பு பிளேட்டாகவே இருக்கட்டும்.

எவர்சில்வர் மேற்பரப்பு உள்ள கல் வேண்டாம். இரும்பைவிட அது வெப்பத்தைக் கடத்துவது மூன்றில் ஒரு பங்குதான். பர்னர் எங்கே இருக்கிறது என்பதைத் தோசையில் விழும் வட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒட்டாத பூச்சு உள்ள கல் கடைக்கு ஆகவே ஆகாது. 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், காய்ந்த கல் கவனிக்காமல் விட்டால் அதைத் தாண்டிவிடும்.

குரோம் கல்லை ஒதுக்குவதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை. சென்னையில் தெரிந்தவர் ஒருவரின் சமையலறையில் அதன் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். முதலில் என் முகத்தில் பட்டது வித்தியாசம். பளபளப்பான குரோம் மேற்பரப்பு, கறுத்த இரும்பைப்போல் வெப்பத்தை வெளியே வீசுவதில்லை. கல்லின் சூடு உணவுக்குப் போகிறது, நிற்பவர் முகத்துக்குக் குறைவாகவே வருகிறது. இரவில் துடைப்பதும் எளிது, துருப்பிடிப்பதில்லை, எண்ணெய் ஏற்றிப் பழக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆம்லெட் வார்த்த இடத்தில் வாசம் தங்காமல் உடனே தோசை வார்க்க முடிந்தது. அங்கிருந்த மாஸ்டர் ஒரு குறையைச் சொன்னார். மாவை இழுக்கும்போது பிடிமானம் குறைவு, கை பழக ஒரு மாதம் ஆனது என்றார். எங்களைத் தடுத்தது வேறு. குரோம் பூச்சு மிக மெல்லியது. கூர்மையான சட்டுவத்தால் ஓங்கிக் குத்தினால் கீறல் விழும். கீறல் விழுந்த இடத்தில் பூச்சு உரியத் தொடங்கினால் நம் பட்டறையில் அதைச் சரிசெய்ய முடியாது. இரவில் கொத்துப் பரோட்டா போடுகிற கடையில் அந்தக் கல்லை யார் காவல் காப்பது? சைவ உணவகம், கொத்து இல்லை, பழகிய ஆட்கள், கையில் பணமும் இருக்கிறது என்றால் குரோமைத் தாராளமாக வாங்கலாம்.

மின்சாரக் கல்லுக்கு வருவோம். இதில்தான் பலர் கணக்குப் போடாமல் முடிவெடுக்கிறார்கள். கேஸ் கல்லில் எரிகிற வெப்பத்தில் பெரும்பகுதி பக்கவாட்டில் தப்பிப் போகிறது. அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் தரச்சான்று பெறவே கேஸ் கல்லுக்கு 38 சதவீதத் திறன் இருந்தால் போதும், மின்சாரக் கல்லுக்கு 70 சதவீதம் வேண்டும் என்பதிலிருந்தே வித்தியாசம் புரியும். நம் பட்டறை அடுப்புகள் அந்த 38ஐ எட்டினாலே நல்லது. அதையே எடுத்துக்கொண்டு பார்த்தால், ஒரு 19 கிலோ சிலிண்டர் செய்யும் வேலையை ஏறக்குறைய 130 யூனிட் மின்சாரம் செய்துவிடும். உங்கள் சிலிண்டரின் விலையை 130ஆல் வகுத்துப் பாருங்கள். சிலிண்டர் 1,900 ரூபாய் என்றால் 14 ரூபாய் 60 காசு வரும். உங்கள் மின்கட்டணம் நிலைக்கட்டணத்தையும் சேர்த்து யூனிட்டுக்கு அதைவிடக் குறைவு என்றால், எரிபொருள் செலவில் மின்சாரம் ஜெயிக்கிறது.

பிறகு ஏன் வாங்கவில்லை? முன்னே சொன்ன ஒரு சுற்று 900 கிலோஜூலை மூன்று நிமிடத்தில் கொடுக்க, கல்லுக்குள் இறங்கும் சக்தி 5 கிலோவாட் வேண்டும். 70 சதவீதத் திறனுள்ள மின்சாரக் கல் என்றால் 7 கிலோவாட் இழுக்க வேண்டும். விற்பவர் காட்டியது 5 கிலோவாட். காலை பதினொரு மணிக்கு அது போதும், இரவு எட்டு மணிக்குப் போதாது. 8 கிலோவாட் கல் வாங்கினால் மும்முனை இணைப்பு வேண்டும், அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்த வேண்டும், மின்தடையின்போது அதைத் தாங்குகிற அளவு ஜெனரேட்டரும் வேண்டும். கேஸ் அனுமதிக்காத வணிக வளாகத்தில் கடை என்றால் இவ்வளவையும் செய்துதான் ஆக வேண்டும், அதற்கேற்ற பலன் அங்கே உண்டு. எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இண்டக்‌ஷன் கல்லையும் விசாரித்தோம். சுருள் இருக்கும் இடத்தில் மட்டும் வேகமாகச் சூடேறுவதால், நான்கடிக் கல்லுக்குப் பல சுருள்கள் வேண்டும், விலை எங்கோ போய்விடுகிறது.

இப்படிப் பட்டறைக் கல்லுக்கே வந்து சேர்ந்தோம். ஆனால் பட்டறைக் கல்லில்தான் ஏமாற்றத்துக்கும் இடம் அதிகம், என் பழைய காயமும் அங்கேதான் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நான் கடை நடத்தியபோது வாங்கிய கல்லுக்கு 16 எம்.எம். என்று பணம் கொடுத்தேன். ஓரத்தில் அளந்தபோது 16 இருந்தது. மூன்று மாதத்தில் நடு எழும்பியது. திருப்பிப் போட்டுப் பார்த்தபோது, 8 எம்.எம். பிளேட்டின் நான்கு ஓரத்திலும் அடியில் ஒரு பட்டையைப் பற்றவைத்துத் தேய்த்திருந்தார்கள். ஓரத்தில் மட்டும் கனம். அன்றிலிருந்து யாருக்குக் கல் வாங்கினாலும் எடை போடாமல் விடுவதில்லை. கணக்கு எளிது. நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் எடுத்து, கனத்தை மில்லிமீட்டரில் எடுத்து, மூன்றையும் பெருக்கி, விடையை 7.85ஆல் பெருக்கினால் கிலோ வந்துவிடும். நான்கடிக்கு இரண்டடி, 16 எம்.எம். என்றால் 93 கிலோ. அடுப்புச் சட்டத்தில் பொருத்துவதற்கு முன்பே எடைபோட்டுக் காட்டச் சொல்லுங்கள். பட்டறையில் சிலர் இன்னும் நூல் கணக்கில் பேசுவார்கள். எட்டு நூல் ஓர் அங்குலம், ஆக ஐந்து நூல் என்றால் ஏறக்குறைய 16 எம்.எம்.

அடுத்தது, பிளேட்டைச் சட்டத்தோடு சுற்றிலும் பற்றவைக்க விடாதீர்கள். இரும்பு சூட்டில் வளரும். நான்கடி பிளேட் 200 டிகிரிக்குப் போகும்போது நீளவாக்கில் கிட்டத்தட்ட இரண்டரை மில்லிமீட்டர் வளர்கிறது. வளர இடம் இல்லாவிட்டால் அது மேலேதான் வளையும். சட்டத்தின்மேல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், நகராமல் இருக்க மூலைகளில் தடுப்பு இருந்தால் போதும். மேற்பரப்பைக் கிரைண்டிங் செய்து வாங்குங்கள். கடையில் வைத்தபின் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

பர்னர் மூன்றாக இருக்க வேண்டும், மூன்றுக்கும் தனித்தனி வால்வு வேண்டும். ஒரே நீளக் குழாய்க்கு ஒரே திருகு வைத்த அடுப்பு விலை குறைவு, ஆனால் மதியம் மூன்று மணிக்கு ஒரே ஒரு தோசைக்காகக் கல் முழுவதையும் எரிக்க வேண்டியிருக்கும். தனித்தனியாக இருந்தால் இடது பக்கம் ரோஸ்ட்டுக்கு, நடு சாதாத் தோசைக்கு, வலது பக்கம் பொறுமையாக வேக வேண்டிய ஊத்தப்பத்துக்கு என்று மாஸ்டர் பிரித்துக்கொள்வார். தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் கருவி வைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள், கூடுதல் பணம் ஆனாலும் கொடுங்கள். தண்ணீர் தெளிக்கிற இடத்தில் தீ அணைவது அபூர்வமல்ல. சூடு சமமாகப் பரவுகிறதா என்று பார்க்க, காய்ந்த கல்லில் கோதுமை மாவை மெல்லிசாகத் தூவுங்கள். எங்கே முதலில் சிவக்கிறது, எங்கே வெளுப்பாகவே இருக்கிறது என்று இரண்டு நிமிடத்தில் கல்லின் வரைபடமே கிடைத்துவிடும். பட்டறைக்காரர் முன்னாலேயே இதைச் செய்தோம். வலது ஓரம் ஒரு சாண் அகலத்துக்கு வெளுத்தே கிடந்தது. அவரும் மறுக்கவில்லை, பர்னரை நகர்த்திக் கொடுத்தார்.

பரோட்டாவுக்கும் இதே கல் போதாதா என்று அக்கா மகன் கேட்டான். போதாது. பரோட்டாவின் எண்ணெய் ஊறிய இடத்தில் தோசை மாவு வழுக்கும். கொத்தும் சட்டுவம் பழகிய கல்லின் கறுப்பைச் சுரண்டிவிடும். இரவு எட்டு மணிக்கு இரண்டு மாஸ்டர்களும் ஒரே கல்லின் முன் நிற்கவும் முடியாது. பரோட்டாவுக்கு இரண்டரை அடியில் தனிக் கல் செய்துகொண்டோம். விருதுநகர்ப் பக்கத்து எண்ணெய் பரோட்டா போடுவதாக இருந்தால் அதற்கு நடுவில் குழிந்து, எண்ணெய் நிற்கிற மாதிரிக் கல் வேண்டும். அது முற்றிலும் வேறு சாமான்.

பணம் குறைவாக இருப்பவர்கள் பழைய கல்லைத் தேடலாம். மூடுகிற கடையிலிருந்து வரும் கல் ஏற்கெனவே பழகியிருக்கும், எடைக்கு வாங்கலாம். நேர்கோல் வைத்து வளைவு பாருங்கள், ஓரங்களில் விரிசலும் குழியும் பாருங்கள். பிளேட் நன்றாக இருந்தால் பர்னரை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா விலைப்பட்டியலிலும் விடுபட்டிருந்த ஒன்று உயரம். அடுப்பு வழக்கமாக ஒரே உயரத்தில் வருகிறது, மாஸ்டர்கள் அப்படி வருவதில்லை. கல்லின் மேற்பரப்பு அவர் முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் தோள் வலிக்கும், கீழே இருந்தால் முதுகு போய்விடும். நாளுக்குப் பத்து மணி நேரம் நெருப்பின் முன் நிற்கிற மனிதர் அவர். கேஸ் வெப்பத்தில் கல்லுக்குள் இறங்காத 60 சதவீதத்துக்கு மேல் அவர் நிற்கும் அறையில்தான் கலக்கிறது. கல்லுக்கு மேல் புகைக்கூண்டும் வலுவான எக்ஸாஸ்ட் விசிறியும் இல்லாத சமையலறையில் எவ்வளவு நல்ல கல்லை வைத்தாலும் அது அவருக்குச் செய்யும் அநியாயம். எங்கள் மாஸ்டரையே பட்டறைக்கு அழைத்துப்போய் நிற்கவைத்து, அடுப்பின் கால்களை ஒன்றரை அங்குலம் வெட்டினோம். "இருபத்தெட்டு வருடத்தில் என்னை நிற்கவைத்து யாரும் அளவெடுத்ததில்லை, தம்பி" என்று அக்கா மகனிடம் சொன்னார்.

கல் வந்த அன்று நான்கு பேர் சேர்ந்து இறக்கினோம். புளியும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, பட்டறை எண்ணெய் முழுவதும் போகும்வரை மூன்று முறை கழுவினோம். ஈரம் காய்ந்ததும் மூன்று பர்னரையும் ஏற்றி, நல்லெண்ணெய் தொட்ட துணியால் மெல்லிசாகப் பூசினோம். புகைந்து அடங்கியதும் மறுபடி பூசினோம். ஆறாவது பூச்சில் சாம்பல் நிறம் போய்ப் பழுப்பு வந்தது. மாஸ்டர் பாதி வெங்காயத்தைச் சட்டுவத்தின் நுனியில் குத்தி ஓரம் ஓரமாகத் தேய்த்தார். முதல் நான்கு தோசைகள் பிய்ந்துபோயின. ஐந்தாவது, ஓரம் தானாக எழும்பி, கையோடு வந்தது. அதை ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து என்னிடம் நீட்டினார்.